வடியும் நீரும் மாற்ற வீதமும்

கூம்பு வடிவத் தொட்டியில் நீர் விழும் கணக்கை எஸ்.பி.எம். கூடுதல் கணிதம் படிக்கும் நீங்கள் கட்டாயம் செய்திருப்பீர்கள். அதில் 'சீரான வீதத்தில்' என்று இரண்டு சொல் இருக்கும். பெரும்பாலும் அதைத் தாண்டிப் போய்விடுவோம். கண் நேராக எண்களுக்குத்தான் ஓடும். ஆனால் அந்த இரண்டு சொல் இல்லாவிட்டால் கணக்கே வேறு.

பாத்திரத்தின் அடியில் ஓட்டை போட்டால் நீர் சீராக வெளியேறாது. மட்டம் உயரத்தில் இருக்கும்போது பீய்ச்சி அடிக்கும், இறங்க இறங்க மெதுவாகிவிடும். நீரை வைத்து நேரம் பார்த்த பழைய மக்களுக்கு இது பெரிய தலைவலி. எகிப்தின் கார்னாக் கோவிலில் 1904-இல் ஒரு நீர்க்கடிகாரம் கிடைத்தது. மன்னர் மூன்றாம் அமென்ஹோதெப் காலத்தது, ஏறக்குறைய 3,400 ஆண்டுப் பழமை. பார்த்தால் பூந்தொட்டி மாதிரி இருக்கும்: வாய் அகலம், அடி குறுகல். ஏன் அப்படி? மேலே நீர் வேகமாகப் போனாலும் அகலம் அதிகம் என்பதால் மட்டம் மெல்லத்தான் இறங்கும். கீழே வேகம் குறையும், அகலமும் குறையும். முழுத் துல்லியம் இல்லைதான். ஆனாலும் சூத்திரம் எதுவும் இல்லாத காலத்தில் ஒரு மாற்ற வீதத்தைக் கல்லில் செதுக்கித் திருத்தியிருக்கிறார்கள், பாருங்கள்!

கலிலியோ வேறு வழி பிடித்தார். சரிவான பள்ளத்தில் வெண்கலக் குண்டை உருட்டி நேரம் அளக்க, பெரிய பாத்திரத்து நீரை மெல்லிய குழாய் வழியே விட்டு, சேர்ந்த நீரைத் தராசில் நிறுத்தார். 1638-இல் வந்த அவருடைய நூலில் இது இருக்கிறது. பாத்திரம் பெரிசு, ஓடிய நீரோ கொஞ்சம். மட்டம் அசையவே இல்லை எனலாம், அதனால் ஓட்டம் ஏறக்குறைய சீர். இப்படி அளந்து பார்த்தபோது, சம நேரங்களில் குண்டு கடக்கும் தூரங்கள் 1, 3, 5, 7 என்ற விகிதத்தில் அமைந்தன.

1641 அக்டோபரில், பார்வை இழந்திருந்த கலிலியோவுக்கு உதவியாக டாரிசெல்லி வந்து சேர்ந்தார். மூன்றே மாதம், 1642 ஜனவரியில் கலிலியோ மறைந்தார். 1644-இல் டாரிசெல்லி வெளியிட்ட நூலில், ஓட்டை வழி வரும் நீரின் வேகம், அதே உயரத்திலிருந்து விழும் பொருள் பெறும் வேகம்தான் என்ற கருத்து இருந்தது. அதாவது ஆழம் நான்கு மடங்கானால் வேகம் இரண்டு மடங்கு.

இதை வகுப்பில் செய்து பாருங்களேன். பக்கம் நேராக உள்ள ஒரு பெரிய பிளாஸ்டிக் போத்தல் போதும். அடிப்பக்கம் சூடான ஆணியால் ஒரு சின்ன ஓட்டை (இதை ஆசிரியர் செய்வது நல்லது). ஓட்டையிலிருந்து 16, 9, 4, 1 சென்டிமீட்டர் உயரங்களில் கோடு போடுங்கள். மூடியைக் கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் நீர் திக்கித் திக்கித்தான் வரும். 16-க்கு மேல் நிரப்பி, மட்டம் ஒவ்வொரு கோட்டையும் தொடும் நேரத்தைக் குறியுங்கள்.

அதற்கு முன் மாணவர்களிடம் கேளுங்கள்: எந்த இடைவெளிக்கு அதிக நேரம் ஆகும்? 7 சென்டிமீட்டர் இறங்கும் முதல் இடைவெளிக்குத்தான் என்று பலர் சொல்லிடுவாங்க. கடிகாரம் காட்டுவது வேறு: மூன்று இடைவெளிக்கும் கிட்டத்தட்ட ஒரே நேரம்! 7, 5, 3 என்று இறங்குகிறது. கலிலியோவின் எண்களேதான், தலைகீழாக. 1-க்குக் கீழே சொட்டத் தொடங்கிவிடும், அந்தப் பகுதியை விட்டுவிடலாம்.

நியூட்டன் 1671-இல் எழுதிய நூலில் மாறும் அளவுகளைப் 'பாய்பவை' என்ற பொருளுள்ள சொல்லால் அழைத்தார். அவை மாறும் வீதத்துக்கு 'ஃப்ளக்ஷன்' என்று பெயர் வைத்தார். அந்தச் சொல்லும் பாய்வதைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததே. நூல் அச்சேறியது 1736-இல், அவர் இறந்து 9 ஆண்டு கழித்து.

வகையீடு முடித்த மாணவர்களுக்கு ஒரு கேள்வி. மட்டம் உண்மையிலேயே சீராக இறங்க வேண்டுமென்றால் பாத்திரத்தின் வடிவம் என்ன? ஆரத்தின் நான்காம் அடுக்கு, உயரத்துக்கு நேர்விகிதத்தில் இருக்க வேண்டும் என்று விடை வரும். அந்த வளைகோட்டை வரைந்து, கார்னாக் பாத்திரத்தின் நேர்ச்சரிவோடு வைத்துப் பாருங்கள்: எங்கே ஒத்துப்போகிறது, எங்கே விலகுகிறது?