ஆஸ்லோவில் சட்டமும் ஆணுறையும்

ஆஸ்லோ நகரம் கிறிஸ்டியானியா என்னும் பெயர் தாங்கியிருந்த 19-ஆம் நூற்றாண்டில், தேகத்தை விற்று ஜீவித்த பெண்களைப் போலீஸ் வைத்தியர் முன் நிறுத்திப் பரிசோதிக்கும் முறை வழக்கிலிருந்தது. அதைக் கண்டித்துக் கிறிஸ்டியன் குரோக் 1886-இல் பிரசுரித்த ‘ஆல்பர்டீன்’ நாவலை அரசாங்கம் பறிமுதல் செய்தது. பரிசோதனை பெண்ணுக்கே, விலை கொடுத்த ஆடவனுக்கு அன்று.

சட்டத்தின் பாரபட்சம் பெண்களோடு நிற்கவில்லை: ஆடவர்க்கிடையிலான பாலுறவு 1972 வரை நார்வேயில் குற்றம். 2016 ஜூலைக்கு முன்போ, கருவளத்தை இழக்கச் சம்மதியாத திருநங்கைக்குச் சட்டப்படி பெண் என்னும் அந்தஸ்தும் கிட்டவில்லை. இத்தகைய சூழலில் பாலியல் தொழிலுக்கு வந்தவர்களுக்கு, எய்ட்ஸ் பீதி பரவத் தொடங்கிய 1983-இல் தோன்றிய புரோ சென்டரெட் என்னும் நகராட்சி நிலையம், ஆணுறையும் சிகிச்சையும் ஆலோசனையும் அளித்து ஆதரவாக நின்றது.

2009 ஜனவரி 1 முதல், பாலியல் சேவையை விற்பது குற்றமன்று, வாங்குவதே குற்றம் என்று சட்டமாயிற்று. நோக்கம் நல்லதாயிருக்கலாம். ஆனால், வாங்குபவன் காவலருக்கு அஞ்சி அவசரப்படுகையில், ஆணுறை வேண்டுமென்று உறுதியாய்ச் சொல்லும் அவகாசம் சுருங்குகிறது. வீட்டுச் சொந்தக்காரர்களை நெருக்கி, தொழில் செய்வோரை வெளியேற்றிய போலீஸ் நடவடிக்கையை மனித உரிமை அமைப்பான அம்னெஸ்டி ஸ்தாபனம் 2016-இல் கண்டித்தது. ஆணுறை தவறினால் நேரும் ஆபத்தும் சிறிதன்று: 15 நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2013-இல் வெளியான கணிப்பின்படி, திருநங்கையர்க்கு எச்.ஐ.வி. தொற்று இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ 49 மடங்கு. எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை 2016 இறுதியிலிருந்து நார்வே இலவசமாக வழங்குவது பாராட்டத்தக்கதே. எனினும் 2009-ஆம் ஆண்டுச் சட்டம் திருத்தப்பட வேண்டும் என்பதே என் துணிபு.