இரு வழிக்கும் ஒரு வண்டி

காட்டுப் பாதையிலும் ஓட வேண்டும், அதே சக்கரங்களோடு தார் ரஸ்தாவில் சட்டத்துக்குக் குறைவில்லாமல் வீடு திரும்பவும் வேண்டும் என்று இன்று ஒருவர் மோட்டார் சைக்கிள் தேடும்போது, ஹெட்லைட்டும் ஹாரனும் நம்பர் பிளேட்டும் பூட்டிய டர்ட் பைக் ஒன்றையே தேடுவதாக எண்ணிக்கொள்கிறார். அந்த வாகனத்தின் பூர்வ சரித்திரத்தைச் சற்று நிதானமாகப் பார்த்தாலோ, காட்டு வண்டிக்குப் பிற்பாடு விளக்கு மாட்டியதல்ல கதை, ஆதியில் ஒன்றாயிருந்தது இரண்டாகப் பிரிந்து, பல வருஷப் பிரயாசைக்குப் பின் மறுபடி ஒன்று கூடியதே கதை என்பது விளங்கும்.

1913-ம் வருஷம் இங்கிலாந்தின் வடபகுதியிலுள்ள கார்லைல் நகரில் முதலாவது சர்வதேச ஆறு நாள் சோதனைப் போட்டி நடந்தபோது, அதில் கலந்துகொண்ட வண்டிகள் காட்டுக்கென்று தனியே செய்யப்பட்டவை அல்ல. ஏனெனில் அந்நாளில் காட்டுப் பாதைக்கும் நாட்டு ரஸ்தாவுக்கும் இருந்த பேதம் மிகச் சொற்பம். சேறும் கல்லும் செங்குத்தான மேடுமே பிரயாணத்தின் சகஜமான அம்சங்களாக இருந்த காலத்தில், எவன் வேகமாகப் போகிறான் என்பதைவிட எவனுடைய யந்திரம் ஆறு நாளும் பழுதின்றித் தாங்குகிறது என்பதே பரீட்சையாக இருந்தது. பொது வழிகளைத் தொட்டுச் செல்லும் போட்டியாதலால், விளக்கும் பதிவு எண்ணும் அந்த வண்டிகளோடு கூடவே பிறந்த அங்கங்கள்.

பிரிவினை வேறோர் இடத்தில் ஆரம்பித்தது. 1924-ம் வருஷம் இங்கிலாந்திலேயே கேம்பர்லி என்ற ஊரை அடுத்த புதர்க்காட்டு வெளியில், பின்னாளில் ‘ஸ்கிராம்பிள்’ என்று பெயர் நிலைத்த வேகப் பந்தயம் நடத்தப்பட்டது. ஐரோப்பாக் கண்டத்தில் பிற்பாடு அதுவே ‘மோட்டோகிராஸ்’ ஆயிற்று. ஊராருக்குரிய வழியை விட்டு, வேலிக்குள் அடங்கிய நிலத்திலேயே ஓடும் வண்டிக்கு விளக்கு எதற்கு, ஹாரன் எதற்கு என்ற கேள்வி எழுந்ததும், ஒவ்வொன்றாகக் கழற்றி எறிந்து பாரத்தைக் குறைப்பதே வித்தையாகி விட்டது. நாட்டு ரஸ்தாக்களும் நாளடைவில் தார் பூசி மென்மையாகவே, ரஸ்தா வண்டி தாழ்ந்து கனத்தது. பந்தய வண்டி உயர்ந்து மெலிந்தது.

கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தை அடுத்து வாழ்ந்த வாலிபர்களுக்கோ இந்தப் பிரிவு பெருந்தொல்லையாயிற்று. 1950-களிலும் 60-களிலும் அவர்களுக்குக் கிடைத்தவை டிரயம்ப் முதலிய பிரிட்டிஷ் இரட்டை சிலிண்டர் ரஸ்தா வண்டிகளே. அவற்றின் சைலன்சரை மேலே உயர்த்தி, எஞ்சினுக்கு அடியில் இரும்புத் தகடு பதித்து, பெரிய காற்று வடிகட்டி பொருத்தி, மணலில் செலுத்தினார்கள். பாலைவனச் சறுக்குவண்டி என்று பொருள்பட ‘டெஸர்ட் ஸ்லெட்’ என அவற்றை அழைத்தார்கள். 160 கிலோவுக்கு மேற்பட்ட அந்த யந்திரம் நேர்கோட்டில் பாயும்போது கம்பீரமாகவே இருக்கும். மணல் மேட்டில் ஒரு முறை சாய்ந்துவிட்டாலோ, நண்பகல் வெயிலில் தன்னந்தனியாக அதை நிமிர்த்துகிறவனுக்குத்தான் அதன் உண்மையான எடை தெரியும்.

இலகுவான வண்டியாலும் தூரத்தை வெல்லலாம் என்பதற்கு ஒரு நிரூபணம் 1962-ல் கிடைத்தது. ஹோண்டா கம்பெனியின் 250 சி.சி. சி.எல். 72 வண்டிகளில் டேவ் எகின்ஸ், பில் ராபர்ட்சன் என்னும் இருவர் மெக்ஸிகோவின் பாஹா தீபகற்பத்தில், டிஹுவானாவிலிருந்து லா பாஸ் வரை, பெரும்பகுதி பாதையென்றே சொல்லத் தகாத சுமார் 950 மைலை ஏறக்குறைய 40 மணி நேரத்தில் கடந்தார்கள். புறப்பட்ட நேரத்துக்கும் சேர்ந்த நேரத்துக்கும் இரண்டு ஊர்களின் தந்தி ஆபீஸ்களே சாட்சி. அந்த வழியிலேயே 1967 முதல் பெரும் பந்தயம் நடக்கலாயிற்று. ஆயினும் சி.எல். 72 தன் பிறப்பில் ரஸ்தா வண்டியே. சைலன்சர் உயர்ந்திருந்ததேயன்றி, அதன் சுபாவம் முழுதும் மாறிவிடவில்லை.

சுபாவத்தையே மாற்றிய வண்டி யமஹாவின் டி.டி. 1. 1967-ம் வருஷ டோக்கியோ கண்காட்சியில் காட்டப்பெற்று, 1968-ல் விற்பனைக்கு வந்த அது, 246 சி.சி. அளவுள்ள ஒற்றை சிலிண்டர் டூ ஸ்ட்ரோக் எஞ்சினும், 112 கிலோ எடையும், தரைக்கு மேல் 245 மில்லிமீட்டர் இடைவெளியும், கல்லையும் பள்ளத்தையும் தாங்கும் நீண்ட முன் ஃபோர்க்கும், ஒடுங்கிய பெட்ரோல் டாங்கும் கொண்டிருந்தது. அவற்றோடு ஹெட்லைட்டும் பின் விளக்கும் வேகமானியும் தொழிற்சாலையிலேயே பூட்டப்பட்டு வந்தன. மண்ணுக்கென்று முதலில் திட்டமிட்டு, ரஸ்தாவுக்கு வேண்டியதை அதன் உருவத்தோடு இசைத்துச் சேர்த்தது அதன் விசேஷம். வார நாட்களில் அதிலேயே வேலைக்குப் போன ஒருவர், ஞாயிற்றுக்கிழமை அதிலேயே மலைக்காடு புகுந்து, மாலையில் அதிலேயே வீடு திரும்பினார். ஐம்பத்தைந்து வருஷங்களுக்கு முன் கார்லைலில் ஒன்றாயிருந்தது இவ்விதம் மீண்டும் ஒன்றாயிற்று.

ஏனைய ஜப்பானியக் கம்பெனிகளும் அவ்வழியே சென்றன. நான்கு வால்வு கொண்ட ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினோடு ஹோண்டாவின் எக்ஸ்.எல். 250 1972-ல் வந்தது. 1978-ம் வருஷ மாடல்கள் முதல் அமெரிக்க சர்க்கார் மோட்டார் சைக்கிள் புகைக்கு வரம்பு விதிக்கவே, எண்ணெயும் பெட்ரோலும் சேர்ந்து எரியும் டூ ஸ்ட்ரோக் வண்டிகள் அந்நாட்டு ரஸ்தாக்களிலிருந்து படிப்படியாக விலகின. காட்டு வண்டியின் எஞ்சினைக் காடு மட்டுமல்லாமல் நகரத்துக் காற்றும் தீர்மானித்தது என்பதை மறக்கலாகாது. அவ்வருஷம் டிசம்பர் 26-ந் தேதி தியரி ஸபின் ஏற்பாட்டில் பாரிஸிலிருந்து புறப்பட்ட முதலாவது டக்கார் பந்தயத்தில், ஸிரில் நெவூ என்னும் பிரெஞ்சு வாலிபர் யமஹாவின் எக்ஸ்.டி. 500 மீதேறி ஆப்பிரிக்கப் பாலைவனம் கடந்து முதல்வரானார். பந்தயத்துக்கென்றே வார்த்த யந்திரமல்ல, கடையில் யாவரும் வாங்கக்கூடிய ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியின் வழிவந்தது அது. நெடுந்தூரப் பிரயாண மோகம் உலகெங்கும் பரவியது அதற்குப் பின்னரே; அந்த மோகத்தோடு எஞ்சினும் பெருத்தது, எடையும் ஏறியது.

அந்தப் பரம்பரையின் கிளைகள் நம் நாட்டிலும் உண்டு. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ராயல் என்ஃபீல்ட் 2016-ல் வெளியிட்ட 411 சி.சி. ஹிமாலயனும், ஹீரோ 2019-ல் வெளியிட்ட 200 சி.சி. எக்ஸ்பல்ஸும், முன்புறம் 21 அங்குலச் சக்கரமும் தரைக்கு மேல் 220 மில்லிமீட்டர் இடைவெளியும் உடையவை. பெரிய முன்சக்கரம் பள்ளத்தில் விழாமல் கல்லின்மேல் ஏறிச் செல்லும் என்ற பழைய அனுபவமே இரண்டிலும் பேசுகிறது. எனினும் ஹிமாலயனின் எடை சுமார் 190 கிலோ. எக்ஸ்பல்ஸின் எடை சுமார் 154 கிலோ. மலைநாட்டுச் சாலைகளில் சாமான் ஏற்றிப் பல நூறு கிலோமீட்டர் போகிறவருக்கு முன்னதன் கனம் நிதானத்தைத் தரும். ஒற்றையடிப் பாதையிலும் ஓடைக் கல்லிலும் அலைய விரும்புகிறவருக்கு அதே கனம் பகையாகும்.

ஆகையால், வண்டி தேர்ந்தெடுக்கும் அன்பர் குதிரைச் சக்தியின் எண்ணைக் கேட்பதற்கு முன், தாம் போகும் வழியில் தார் எவ்வளவு, மண் எவ்வளவு என்று தம்மையே கேட்டுக்கொள்வது நலம். பிறகு கடைக்காரரின் அனுமதியோடு அந்த வண்டியை மெல்லத் தரையில் சாய்த்து, பிறர் கை படாமல் நிமிர்த்திப் பார்க்கட்டும். மொஹாவி மணலில் அந்த வாலிபர்கள் வெயிலில் கற்ற பாடத்தை, அவர் நிழலிலேயே கற்றுக்கொள்ளலாம்.