கம்பம் திராட்சையும் திருச்சுழிக் கரிசலும்

சென்னையிலிருந்து வந்த உறவுக்காரப் பையன் ஒருத்தன் கேட்டான்: "சித்தப்பா, வெளிநாட்டுல மலைச்சரிவுல வெளஞ்சது, கடலோரக் குளிர்காத்துல வெளஞ்சதுன்னு ஒயின் பாட்டில்லயே எழுதி விக்கிறாங்க. நம்ம பக்கம் அப்படி ஏதும் இருக்கா?"

இருக்கு. ஆனா அருப்புக்கோட்டையில் இல்லை. மதுரை, தேனி தாண்டி மேற்கே கம்பம் போகணும்.

சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, கூடலூர் பக்கமெல்லாம் பந்தல் போட்டு வளர்க்கும் கறுப்புப் பழத்துக்குப் பன்னீர் திராட்சை என்று பெயர். மஸ்கட் ஹாம்பர்க் என்பது அதன் ரகம். 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. பெரும்பாலும் சாப்பிடத்தான் விற்கிறார்கள், ஒயினுக்கும் ஜூஸுக்கும் உதவும்.

1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் திராட்சையை மதுரைப் பக்கம் கொண்டு வந்தார் என்று சொல்வார்கள். கத்தோலிக்கர் பூசைக்குத் திராட்சை ஒயின் கட்டாயம், அதனால் பாதிரிமார் போன இடமெல்லாம் கொடியும் போனது. ஆனால் மஸ்கட் ஹாம்பர்க் ரகம் இங்கிலாந்தில் உருவானதே 1850 வாக்கில்தான். அப்படிப் பார்த்தால் 1832-ல் வந்தது வேறு ரகமாகத்தான் இருக்கணும், பன்னீர் பின்னால் வந்து சேர்ந்திருக்கணும்.

அந்தப் பழம் கம்பத்தில் நிலைத்ததுக்குக் காரணம் மலை. பள்ளத்தாக்கே சுமார் 400 மீட்டர் உயரம். தென்மேற்குப் பருவத்தில் கேரளத்தில் மழையைக் கொட்டிவிட்டு, மிச்ச ஈரத்தோட குளிர்ந்த காற்று மலை தாண்டி இறங்கும். பகல் வெயில் பழத்தில் சர்க்கரையை ஏற்றும், ராத்திரிக் குளிர்ச்சி புளிப்பையும் மணத்தையும் காப்பாத்தும். ஒயினுக்கு ரெண்டும் வேணும். சர்க்கரைதான் நுரைத்துச் சாராயச் சத்தாகுது, புளிப்பு இல்லாட்டி ஒயின் சப்புன்னு போயிரும். ஐரோப்பாவில் பனிக்காலத்தில் கொடி இலையுதிர்ந்து தூங்கும், வருசத்துக்கு ஒரே அறுப்பு. கம்பத்தில் அந்தத் தூக்கம் கிடையாது. கவாத்து வெட்டித்தான் கொடியை எழுப்புறாங்க. ரெண்டு வருசத்தில் அஞ்சு அறுப்பு எடுக்கிறாங்க.

மலை மட்டும் போதாது, தண்ணியும் வேணும். அந்தத் தண்ணியில் எங்க பக்கத்துக் கதையும் இருக்கு. மேற்கே கடலுக்குப் போகும் பெரியாற்றைக் கிழக்கே திருப்பலாம் என்று 1789-லேயே யோசித்தவர் ராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை. செலவு கட்டுபடியாகாமல் கைவிட்டார். பென்னிகுக் கட்டிய அணை 1895-ல் திறந்தது. அந்தத் தண்ணி கம்பம் பள்ளத்தாக்கு வழியா இறங்கி வைகைக்குப் போகுது, போற வழியில் கிணறுகளையும் ஊற வைக்குது.

1985 வரை எங்க அருப்புக்கோட்டை, திருச்சுழி எல்லாம் ராமநாதபுரம் மாவட்டந்தான். தாகத்தில் யோசனை பிறந்தது எங்க சீமையில், பந்தல் படர்ந்தது கம்பத்தில். எங்களுக்கு இன்னைக்கும் குண்டாறும் கண்மாயும் ஐப்பசி மழையுந்தான்.

ஒரு தடவை கம்பத்திலிருந்து ரெண்டு குச்சி வாங்கி வந்து கிணத்தடியில் ஊன்றினேன். நல்லாத்தான் துளிர்த்தது. சித்திரையில் எங்க உப்புத்தண்ணிக்கு இலை ஓரமெல்லாம் கருகிருச்சு. காய்ச்ச ஒரே கொத்தில் இனிப்பு இருந்தது, அந்தப் பன்னீர் வாசம் இல்லை.

பையன் கேட்டான்: "அப்ப நம்ம மண்ணு மோசமா சித்தப்பா?"

"இல்லப்பா. இதே கரிசல்ல மல்லியும் வத்தலும் போட்டுப் பாரு, வாசம் வீதி வரைக்கும் வரும். கம்பத்துக்காரன் அதுக்கு நம்மகிட்டத்தான் வரணும்."

ஊருக்குக் கிளம்பும்போது ஒரு கிலோ மல்லி கட்டிக் கொடுத்தேன்.