ஆங்கில அகராதியில் ஏறிய நம்ம சொற்கள்



ஆங்கிலம் என்றாலே நம் பிள்ளைகளுக்கு ஒரு பயம். அது பெரிய இடத்து மொழி, நமக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம் என்று நினைக்கிறார்கள. சம்பந்தம் உண்டு. வெள்ளைக்காரர்கள் நம்மிடம் வேலை வாங்கியபோது நம் சொற்களையும் சேர்த்து வாங்கிக்கொண்டு போனார்கள்.

இப்படி இந்தியாவிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்களைத் திரட்டி 1886-ஆம் ஆண்டில் ஒரு பெரிய அகராதி வெளிவந்தது. 'ஹாப்சன் ஜாப்சன்' என்று பெயர். முஹர்ரம் ஊர்வலத்தில் 'யா ஹசன், யா ஹுசேன்' என்று எழும் குரலை, ஆங்கிலேயச் சிப்பாய்கள் தங்கள் வாய்க்கு வந்தபடி திரித்ததில் பிறந்த பெயர் அது. தொகுத்தவர்கள் ஹென்றி யூல், ஆர்தர் பர்னெல் என்ற இருவர். பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். தஞ்சை அரண்மனையில் இருந்த சமஸ்கிருத ஏடுகளுக்குப் பட்டியல் எழுதியவரும் அவரே. பாவம், புத்தகம் அச்சாகி வருவதைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை, 1882-இல் காலமாகிவிட்டார்.

நம் வீட்டு மிளகுத்தண்ணீர் இருக்கிறதே, அது ஆங்கிலத்தில் 'மல்லிகடாணி' ஆயிற்று. சென்னை மாகாணத்தில் வேலை பார்த்த வெள்ளைக்காரர்களுக்கு இந்தச் சொல்லைச் சுருக்கி 'மல்' என்றே பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள்! சுருட்டு 'செரூட்' ஆயிற்று. கட்டுமரம் 'கேட்டமரான்' ஆயிற்று. ஒரு காலத்தில் சண்டைக்காரக் கிழவிக்கும் ஆங்கிலத்தில் 'கேட்டமரான்' என்று பெயர். ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள். வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் கூப்பிட ஆரம்பித்துவிடுகிறார்கள்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது 'கூலி' என்ற சொல்லைப் பற்றி.

தமிழில் கூலி என்றால் என்ன? செய்த வேலைக்குக் கிடைக்கிற ஊதியம். வள்ளுவர் ஆள்வினையுடைமை அதிகாரத்தில், 619-ஆம் குறளில், உடல் வருந்தி உழைத்தவனுக்குக் கிடைக்கும் பலனை இந்தச் சொல்லாலேயே குறிக்கிறார். அவ்வளவு மரியாதையான சொல். வேலை செய்கிறவரைச் சொல்ல வேண்டுமானால் 'கூலியாள்', 'கூலிக்காரர்' என்று சேர்த்துத்தான் சொல்லுவோம். ஆங்கிலத்தில் அந்த 'ஆள்' காணாமல் போய்விட்டார். 'கூலி' என்றாலே மனுஷன் என்று ஆக்கிவிட்டார்கள்.

யூலும் பர்னெலும் இதற்கு இன்னொரு வேரும் காட்டுகிறார்கள். மேற்கு இந்தியாவில், குஜராத் பக்கம், 'கோலி' என்று ஒரு சமூகத்தார் உண்டு. அவர்கள் பெயரிலிருந்தே இந்தச் சொல் வந்திருக்கலாம், நம் தமிழ்க் கூலியும் அதோடு கலந்திருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. எந்த வழியாகப் போயிருந்தாலும், போய்ச் சேர்ந்த இடம் ஒன்றுதான். ரப்பர் தோட்டத்துத் தமிழரும் கூலி, ஈயச் சுரங்கத்துச் சீனரும் கூலி, துறைமுகத்தில் மூட்டை தூக்கினவரும் கூலி. சம்பளத்துக்கு உரிய சொல், ஏச்சுச் சொல்லாகிப் போச்சு. யாராவது நம் பிள்ளையை அப்படிக் கூப்பிட்டு, அது அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தால், அந்தக் குறளை எடுத்துக் காட்டுங்கள்.

தோட்டத்தில் நாம் பேசுகிற சொற்கள் சிலவற்றுக்கும் இதுபோல் பயணம் உண்டு. வெள்ளைக்காரப் பட்டாளத்தில் சிப்பாய்களின் குடியிருப்புக்கு 'லைன்ஸ்' என்று பெயர். அந்தச் சொல் தோட்டத்துக்கு வந்து, நம்மவர் வாயில் 'லயம்' ஆயிற்று. இசையில் வருகிற லயத்துக்கும் இதுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆயாக்கொட்டகையில் இருக்கும் 'ஆயா' போர்ச்சுகீசியச் சொல். பிள்ளை பார்க்கிறவள் என்று பொருள். நம் ஆபீஸ் 'கிராணி'யும் அப்படித்தான் ஊர் சுற்றியவர். வங்காளத்தில் ஆங்கிலம் எழுதுகிற குமாஸ்தாவை வெள்ளைக்காரர்கள் 'கிரானி' என்றார்கள். ஆங்கிலத்தில் அது வழக்கொழிந்துவிட்டது. மலாயில் 'கெராணி' என்று நன்றாக உயிரோடு இருக்கிறது.

கடைசியாகக் கங்காணி. கண்காணிக்கிறவர் என்ற சுத்தத் தமிழ்ச் சொல் இது. மலாயாவில் ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் நின்ற பிறகு, ஆள் சேர்க்கும் பொறுப்பு பெரும்பாலும் கங்காணிகள் கைக்கு வந்தது. அவர்கள் சொந்த ஊருக்குப் போய், சொந்தபந்தங்களையும் தெரிந்தவர்களையும் பேசிக் கூட்டி வந்தார்கள். வேலைக்கு இறங்கிய தலைக்கு இத்தனை காசு என்று அவர்களுக்குக் கிடைத்தது. தோட்டத்துத் துரைகள் தங்கள் கணக்கிலும் கடிதத்திலும் அவர்களைக் 'கங்காணி' என்றே எழுதினார்கள். ஆங்கிலத்தில் அதற்கு ஈடான சொல் அவர்களிடம் இல்லை. 1938-இல் இந்திய அரசாங்கம் இங்கே ஆள் அனுப்புவதைத் தடை செய்ததும், அந்த வேலை முடிந்துபோயிற்று.

சொல் இன்னும் பெரிய ஆங்கில அகராதிகளில் 'கே' எழுத்தின் கீழ் இருக்கிறது. இடைநிலைப்பள்ளிக்குப் போகிற பிள்ளைகள் நூலகத்தில் எடுத்துப் பாருங்கள். அப்படியே, தாத்தாவின் அப்பா எந்த ஊரிலிருந்து, எந்தக் கங்காணியோடு கப்பலேறி வந்தார் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.