ஒற்றைக் கியர் சைக்கிள்: ஏன் இன்னும் விரும்பப்படுகிறது?

கண்டியிலிருந்து மாத்தளை, தம்புள்ளை ஊடாக யாழ்ப்பாணம் செல்லும் ஏ9 வீதியில் ஓடும் சாதாரண சைக்கிள்கள் பலவற்றுக்கு ஒரேயொரு கியர்தான். பல கியர் சைக்கிள்கள் வந்த பின்னரும் இதை விரும்பி ஓட்டுவோர் உலகெங்கும் உள்ளனர்.

முன்னே 44 பற்களும் பின்னே 22 பற்களும் இருந்தால், பெடல் ஒருமுறை சுற்றப் பின்சில்லு இருமுறை சுற்றும். இந்த விகிதம் மாறாது. கியர் மாற்றும் கேபிளோ நெம்புகோலோ இல்லாததால் பழுது குறைவு, பாரமும் குறைவு. ஓடுபவரின் கவனம் முழுவதும் வீதியில் இருக்கும்.

‘நிலைக் கியர்’ சைக்கிளில் பிரீவீலும் இல்லை. சில்லு சுற்றும்வரை பெடலும் சுற்றும். காலைப் பின்னோக்கி அழுத்தி வேகத்தைக் குறைக்கலாம். சில்லோடு கால் நேரடியாகப் பேசும் இந்த உணர்வையே பலர் ரசிக்கின்றனர்.

எளிமையின் பெறுமதி எமது மக்களுக்குப் புதிதல்ல. 1990களில் வடக்கிற்கு எரிபொருள் தடுக்கப்பட்டபோது நோயாளரையும் விறகையும் சுமந்தது ஒற்றைக் கியர் சைக்கிளே. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்விலும் குடும்பங்களின் உடைமைகள் அதில்தான் ஏறின. 2022 எரிபொருள் நெருக்கடியில் நாடே சைக்கிளைத் தேடியது.

எனினும் எல்லை உண்டு. தம்புள்ளைச் சமவெளிக்கு ஒரு கியர் போதும். ரத்தோட்டையிலிருந்து ரிவஸ்டனுக்கு ஏறும் மலைவீதியில் பலரும் இறங்கித் தள்ளவே நேரும். இறக்கத்தில் நிலைக் கியர் பெடல்கள் கட்டுக்கடங்காமல் சுழலும். முன், பின் இரு பிரேக்குகளும் கட்டாயம் வேண்டும்.