தாயின் துயரும் சேயின் அழுகையும்

சுமார் 30 ஆண்டுகளுக்கு முன்னர், மதரஸாவில் ஓதி முடித்து வெளிவந்த புதிதில், நம் தெருவிலுள்ள ஒரு வீட்டிலிருந்து நமக்கு அழைப்பு வந்தது. தலைப்பிள்ளை பெற்றுப் பதினைந்து நாளே ஆன ஓர் இளந்தாய், பிள்ளையை ஏறெடுத்தும் பாராமல் சுவரை நோக்கி அழுதுகொண்டிருந்தாள். பால் கொடுக்கச் சொன்னால் கொடுப்பாள்; கொடுத்துவிட்டு மீண்டும் அழுவாள். "ஏன்ம்மா அழுகிறாய்?" என்று பெற்றவள் கேட்டால், "தெரியலையே உம்மா" என்பதற்கு மேல் ஒரு சொல் வராது.

காற்றுக் கறுப்பு அண்டிவிட்டது என்றார்கள் வீட்டுப் பெண்கள். நாமும் ஓதி ஊதினோம். தண்ணீர் ஓதிக் கொடுத்தோம். கயிறும் முடிந்து கொடுத்தோம். நாற்பது கழியும்வரை அவளை உள்ளறையில் தனியே வைத்திருக்க வேண்டுமென்று யாரோ சொன்னதற்கும் தலையசைத்தோம். இறைவனிடம் கையேந்தியதில் பிழையில்லை. அத்தோடு நம் கடமை முடிந்தது என்று எழுந்து வந்தோமே, அதுவே பிழை.

அபூ ஸைத் அல் பல்கீயின் நூல் நம் பார்வைக்கு வந்தது பல ஆண்டுகள் கழித்துத்தான். பல்கு நகரையடுத்த ஷாமிஸ்தியான் என்னும் சிற்றூரில் ஹிஜ்ரி 235 அளவில் பிறந்து, ஹிஜ்ரி 322-இல் (கி.பி. 934) மறைந்த பேரறிஞர் அவர். தந்தையார் சிறுவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த ஆசிரியர். மகனார் இராக் சென்று தத்துவ மேதை அல் கிந்தீயிடம் பயின்றார். 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்' என்ற அவருடைய நூலின் பெயருக்கு 'உடல்களின் நலன்களும் உள்ளங்களின் நலன்களும்' என்று பொருள் கூறலாம். உடலுக்கு 14 அத்தியாயங்கள். உள்ளத்துக்கு 8 அத்தியாயங்கள். இஸ்தான்புல்லின் அயாஸோஃபியா நூலகத்தில் கையெழுத்துப் படியாக உறங்கிக் கிடந்த இந்நூல், 1984-இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் அப்படியே படமெடுத்து அச்சிடப்பட்டது.

உடலுக்கு நோய் எப்போதோ ஒருமுறை வருகிறது. உள்ளத்துக்கோ கோபமும் அச்சமும் துயரமும் வீண் நினைவுகளும் ஓயாமல் வந்துகொண்டேயிருக்கின்றன. அவற்றினின்று தப்பியவர் எவருமிலர். அங்ஙனமிருந்தும் மருத்துவர்கள் உள்ளத்தின் மருத்துவத்தை நூல்களில் எழுதாமல் விட்டுவிட்டனரே என்பது பல்கீயின் குறை.

துயரத்தைப் பற்றி அவர் செய்யும் பாகுபாடுதான் நம்மை நெடுநேரம் அந்தப் பக்கத்திலேயே நிறுத்தி வைத்தது. துயரம் இருவகைப்படும் என்கிறார். ஒன்று, காரணம் தெரிந்த துயரம். பிரியமானவரை இழந்ததாலோ பொருளை இழந்ததாலோ வருவது. மற்றொன்று, காரணம் தெரியாத துயரம். துயரப்படுபவருக்கே ஏன் என்று சொல்லத் தெரியாது. இந்த இரண்டாம் வகையின் வேர் உடலில், இரத்தத்தின் நிலையில் இருக்கிறது; ஆகவே இதமான பேச்சோடு உடலுக்கான மருந்தும் வேண்டும் என்பது அவர் முடிவு. வீண் நினைவுகளால் அலைக்கழிக்கப்படுபவரைத் தனிமையில் விடலாகாது என்றும் எச்சரிக்கிறார்.

"தெரியலையே உம்மா" என்ற அந்தக் குரல் நம் காதில் மீண்டும் ஒலித்தது. பல்கீ பேறு பெற்ற பெண்களைக் குறித்துத் தனியே எழுதவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஆயினும், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அவர் பிரித்துக் காட்டியதை அறிந்திருந்தால், கயிற்றோடு சேர்த்து வைத்தியரிடம் போகவும் நாம் சொல்லியிருப்போம். பேற்றுக்குப் பின் வரும் இம்மனச்சோர்வு ஒரு நோயென்றும், ஆறுதலான உரையாடலாலும் மருந்தாலும் குணமாகக் கூடியதென்றும் இன்றைய மருத்துவம் தெளிவாகச் சொல்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, பேறு பெற்ற தாய்மாரில் நூற்றுக்கு 13 பேர் மனநோய்க்கு ஆளாகின்றனர். அதில் பெரும்பாலும் இம்மனச்சோர்வே.

பல்கீ மறைந்து அரை நூற்றாண்டுக்குள் பிறந்த இப்னு ஸீனா (980–1037), தம் 'கானூன்' நூலில் பச்சிளங் குழந்தைக்கென்றே பக்கங்களை ஒதுக்கினார். குழந்தைக்கு இரண்டு வேண்டும் என்கிறார். மெல்ல ஆட்டுதல் ஒன்று. தாலாட்டின் இசை மற்றொன்று. முன்னது உடலுக்கு, பின்னது உள்ளத்துக்கு. நம் வீடுகளில் தொட்டிலாட்டும் கன்னம்மாக்கள் எந்தக் கானூனையும் ஓதியவர்களல்லர் என்பது வேறு செய்தி! பாலூட்டும் செவிலி கோபத்துக்கும் துக்கத்துக்கும் அச்சத்துக்கும் எளிதில் ஆளாகாதவளாக இருக்க வேண்டும், அவை பாலின் வழியே பிள்ளையையும் தாக்கக்கூடும் என்றும் எழுதுகிறார். பாலின் வழியே என்ற விளக்கத்தை இன்றைய மருத்துவம் அவர் சொன்னபடியே ஏற்பதில்லை. ஆனால் ஊட்டுபவளின் உள்ளம் கலங்கினால் உண்ணும் பிள்ளையின் உள்ளமும் கலங்கும் என்று அவர் கண்டது உண்மை.

ஆனால், தாயின் கலக்கத்துக்குக் காரணம் எப்போதும் அவளுக்குள்ளேயே இருப்பதில்லை. ஹிஜ்ரி 230-இல் மறைந்த இப்னு ஸஅத் பதிவு செய்துள்ள நிகழ்ச்சி ஒன்று இதற்குச் சான்று. மதீனாவின் தொழுகைத் திடலில் வணிகக் கூட்டம் ஒன்று வந்து தங்கியது. ஹஜ்ரத் உமரும் (ரலி) அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃபும் (ரலி) இரவில் அவர்களுக்குக் காவலிருந்தனர். ஒரு குழந்தையின் அழுகை கேட்டது. உமர் (ரலி) சென்று, பிள்ளையைக் கவனிக்குமாறு தாயிடம் சொல்லித் திரும்பினார். மீண்டும் அழுகை, மீண்டும் சென்றார். மூன்றாம் முறை அவர் கடிந்துகொண்டபோது, வந்திருப்பவர் யாரென்று அறியாத அந்தப் பெண், பிள்ளைக்குப் பால் மறக்கடிக்க முயல்வதாகவும், பால்குடி மறந்த பிள்ளைக்குத்தான் உமர் உதவித்தொகை தருகிறார் என்றும் சொன்னாள். பிள்ளைக்கோ சில மாதங்களே ஆகியிருந்தன.

அன்றைய சுப்ஹுத் தொழுகையில் உமரின் அழுகை மிகுந்து, அவர் ஓதியது பின்னின்றவர்களுக்கு விளங்கவில்லையாம். பின்னர், பால் மறக்கடிக்க யாரும் அவசரப்பட வேண்டாம், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் தொகை உண்டு என்று முழங்கச் செய்து, எல்லாப் பகுதிகளுக்கும் எழுதியனுப்பினார். மூன்று முறை தாயைக் கடிந்தவர், நான்காவதாகத் தம் சட்டத்தையே கடிந்துகொண்டார் என்க.

நம் தெருப் பெண்ணின் கதைக்கு வருவோம். வெளியூரிலிருந்து வந்த அவளுடைய சாச்சி, உள்ளறைக் கதவைத் திறந்துவிட்டார். இரவில் பிள்ளையைத் தம்மிடம் வாங்கிக்கொண்டு அவளைத் தூங்கவிட்டார்; பகலில் முற்றத்தில் பெண்களோடு உட்கார வைத்தார். ஐந்தாறு மாதங்களில் அவள் தேறினாள். நம் கயிறு அதற்குள் அறுந்து போயிருந்தது.

அந்தப் பிள்ளை ஆறு வயதில் நம்மிடமே ஓத வந்தான். குரல் சற்று உயர்ந்தால் திடுக்கிடுவான். தெரிந்த பாடமும் மறந்துவிடும். சோம்பல் என்று எண்ணிப் பிரம்பை எடுத்தோம். ஆறு வயதில் ஆசிரியரிடம் ஒப்படைக்கும் பிள்ளையைப் படிப்படியாகவே பழக்க வேண்டும், ஒரேயடியாக நூலோடு கட்டிப்போடலாகாது என்று அதே இப்னு ஸீனா எழுதியிருக்கிறார். கடுமையில் வளரும் பிள்ளையின் உள்ளம் சுருங்கும், அவன் சோம்பலுக்கும் பொய்க்கும் நடிப்புக்கும் தள்ளப்படுவான் என்று 1377-இல் எழுதி முடித்த 'முகத்திமா'வில் இப்னு கல்தூன் தனிப் பகுதியே வைத்திருக்கிறார். அதை நாம் மதரஸாவிலேயே வாசித்திருந்தோம். வாசித்த பின்பும் பிரம்பு நம் கையில் இருந்தது. அவன் ஒரு நாள் வராமலே நின்றுவிட்டான்.

பின்னாளில் மதுரைச் சீமைக்கும் வந்து சென்ற பயணி இப்னு பதூதா, 1326-இல் திமிஷ்கு நகரத் தெருவொன்றில் கண்ட காட்சியை எழுதி வைத்துள்ளார். ஓர் அடிமைச் சிறுவனின் கையிலிருந்து சீனத்துப் பீங்கான் தட்டு விழுந்து நொறுங்கியது. அதை அவ்வூரார் 'ஸஹ்ன்' என்பர். நம் விருந்துகளில் 'சஹன்' என்கிறோமே, அதே சொல். கூட்டம் கூடியது. எசமானிடம் அடிபடுவோமே என்று சிறுவன் அஞ்சி நின்றான். அப்போது ஒருவர், உடைந்த துண்டுகளைப் பொறுக்கியெடுத்துக்கொண்டு பாத்திர வக்ஃபின் பொறுப்பாளரிடம் போகும்படி சொன்னார். தாமே உடன் சென்றார். இப்படி உடைந்துபோகும் பாத்திரங்களுக்கென்றே அந்நகரத்துச் செல்வர் சிலர் சொத்தை வக்ஃபு செய்து வைத்திருந்தனர். பொறுப்பாளர் துண்டுகளைப் பார்த்தார். அதே போன்ற தட்டு வாங்குவதற்கான பணத்தை எண்ணிச் சிறுவன் கையில் கொடுத்தார்.