அசை இரண்டு, தலைமுறை ஐந்து

கணினித் துறையின் வெள்ளிவிழா மலருக்குக் கட்டுரை தருமாறு விழாக் குழுவினர் பணித்தனர். யாப்புப் பாடம் நடத்தியே காலம் கழித்த எனக்கு இது பெரும்பேறு. வெற்றிடக் குழல், டிரான்சிஸ்டர், ஒருங்கிணைந்த சுற்று, நுண்செயலி, செயற்கை நுண்ணறிவு என்று கணினித் தலைமுறை ஐந்தையும் முதலாண்டு மாணவரே ஒப்பிப்பர். நான் விரிப்பது மிகை. ஆகவே எனக்குத் தெரிந்த யாப்பிலிருந்தே தொடங்குகிறேன்.

நேர், நிரை என அசை இரண்டு. ஈரசை கூடினால் தேமா, புளிமா, கருவிளம், கூவிளம் எனச் சீர் நான்கு. மூவசை கூடினால் காயும் கனியுமாய் எட்டு. நாலசை கூடினால் பூவும் நிழலுமாய்ப் பதினாறு. அமிதசாகரர் காரிகையில் வகுத்த இவ்வரிசையும் கணினியாளரின் இருமப் பெருக்கமும் ஒன்றே. வடமொழியில் பிங்கலர் குரு, லகு இரண்டைக்கொண்டு இவ்வழியே சென்றார். தொல்காப்பியர் செய்யுளியலில் அடிகளை 625 எனக் கணக்கிட்டது வேறு கணக்கு. ஆயினும் எண்ணிப் பார்க்கும் அதே மனம்தான். நம் முன்னோர் அன்றே கணினி கண்டனர் என மேடையில் முழங்குவோருக்கு நான் உடன்படேன். இரண்டே கூறுகளால் நம் முன்னோர் எல்லா வடிவங்களையும் விடுபடாமல் அடுக்கத் தெரிந்திருந்தார்கள். அந்தப் பெருமை போதும்.

வியப்பு என்னவென்றால், முதல் தலைமுறையின் மூத்த பிள்ளைகளுள் ஒன்றான எனியாக் இரண்டால் எண்ணவில்லை. 1946இல் பென்சில்வேனியாவில் மாக்லியும் எக்கர்ட்டும் உலகுக்குக் காட்டிய அப்பொறி, ஏறத்தாழ 18,000 குழல்களும் 30 டன் எடையுமாக நின்று, நம்மைப்போல் பத்தாலேயே எண்ணியது. 1949இல் கேம்பிரிட்ஜில் இயங்கிய எட்சாக் இருமத்தில் எண்ணியது. ஒரு குழலில் மின்னோட்டம் உண்டா, இல்லையா என்று மட்டும் பார்ப்பது எளிது, பிழையும் குறைவு.

இங்கே ஒரு தமிழரை வணங்க வேண்டும். சென்னையில் பிறந்து கிண்டியில் பொறியியல் பயின்ற ஆர். நரசிம்மன், மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் டிஃப்ராக் கணினியை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கினார். 40 பிட் கொண்ட 2,048 சொற்கள் அதன் நினைவகம். 1960இல் முழுமையாக இயங்கத் தொடங்கியது. 1962இல் நேரு பெயர் சூட்டினார். அதற்குள் மேலைநாட்டில் டிரான்சிஸ்டர் கணினிகள் விற்பனைக்கு வந்துவிட்டன. பிந்திப் பிறந்த முதல் தலைமுறை என எள்ளுவர் சிலர். பார்த்துப் பழகப் பொறிகள் அரிதாயிருந்த நாட்டில் தாமே செய்து கற்ற கைகளை நான் குறைத்து மதிக்கமாட்டேன்.

அடுத்த தலைமுறைகள் விரைந்து வந்தன. 1971இன் இன்டெல் 4004 சில்லுக்குள் 2,300 டிரான்சிஸ்டர்கள். ஐந்தாம் தலைமுறை என்ற பெயரை 1982இல் ஜப்பான் ஒரு பத்தாண்டுத் திட்டத்துக்கு இட்டது. எண்ணிய அளவு அது கைகூடவில்லை. ஆகவே பாடநூல் தரும் ஐந்தாம் எண்ணில் எனக்கு ஐயம் உண்டு.

மாணவச் செல்வங்களே, வெண்பாவுக்கு அலகிடும் நிரல் ஒன்றை நீங்களே எழுதுங்கள். நேரும் நிரையும் எளிதில் வசப்படும். குற்றியலிகரமும் ஐகாரக் குறுக்கமும் வருமிடத்தில் நிரல் திணறும். அப்போது மாடியேறித் தமிழ்த்துறைக்கு வாருங்கள்.